அமெரிக்க மருந்தியல் கல்வி ஆய்விதழ்

அமெரிக்க மருந்தியல் கல்வி ஆய்விதழ் (அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பார்மசூட்டிக்கல் எஜுகேஷன்) என்பது மருந்தாளுநர்களை உருவாக்கும் கல்வி பற்றிய ஆய்வுகளை வெளியிடும் ஓர் ஆங்கில மொழி ஆய்விதழ் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் மருந்தியல் கல்லூரிகளின் கூட்டமைப்பான அமெரிக்க மருந்தியல் கல்லூரிகள் சங்கம் இதனை 1937 ஆம் ஆண்டு தொடங்கியது. சக மதிப்பாய்வுக்கு உட்பட்ட கட்டுரைகளை மட்டுமன்றி சங்கத்தின் குழு அறிக்கைகள், ஆசிரியர் உரைகள், கருத்துரைகள் ஆகியவற்றையும் இது வெளியிடுகிறது.

இவ்விதழின் வரலாற்றில் 2006 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை ஆகும். அவ்வாண்டில் வெளியான 70 ஆவது தொகுதியிலிருந்து இதன் கட்டுரைகள் பப்மெட் தேடலில் கிடைக்கின்றன. அவற்றின் முழு வடிவத்தைப் பப்மெட் சென்ட்ரல் என்னும் இலவச இணையக் காப்பகத்தில் படிக்கலாம். அதுவரை பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்குள்ளேயே சுற்றிவந்த ஒரு துறைசார் இதழ், இதன் மூலம் உலகின் எந்த மூலையில் உள்ள ஆசிரியரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய ஒன்றாக மாறியது.

பொருட்பரப்பு

மருந்தியல் துறையின் பெரும்பாலான ஆய்விதழ்கள் மருந்துகளைப் பற்றியவை. புதிய வேதிப்பொருட்கள், அவற்றின் செயற்பாடு, நோயாளிகளிடம் அவை தரும் பலன் முதலியவற்றை அவை ஆராய்கின்றன. இவ்விதழின் பொருள் வேறு. மருந்துகளைக் கையாளப் போகும் மாணவருக்கு எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, அவர் கற்றுக்கொண்டார் என்பதை எப்படி அறிவது என்பவையே இதன் வினாக்கள்.

மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு நோயாளியின் கைக்கு மருந்தாக மாறும் இடத்தில் நிற்பவர் மருந்தாளுநர். அளவு தவறாக எழுதப்பட்டிருந்தாலோ, ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு மருந்துகள் சேர்ந்து எழுதப்பட்டிருந்தாலோ, அதனைக் கண்டறிந்து தடுக்கும் கடைசி வாய்ப்பு பல வேளைகளில் அவரிடமே உள்ளது. ஆகவே வகுப்பறையில் எது பயன் தருகிறது என்ற வினா, இத்துறையில் நோயாளியின் பாதுகாப்பு பற்றிய வினாவும் ஆகும்.

பின்னணி

அமெரிக்க மருந்தியல் கல்லூரிகள் சங்கம் 1900 ஆம் ஆண்டு வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. 1925 ஆம் ஆண்டு தற்போதைய பெயரைப் பெற்றது. அக்காலத்தில் மருந்தியல் படிப்பின் கால அளவும் தரமும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டிருந்தன. 1932 ஆம் ஆண்டு நான்காண்டுப் பட்டப்படிப்பு குறைந்த அளவாக நிறுவப்பட்டது. கல்லூரிகளை ஆய்ந்து அங்கீகாரம் வழங்கும் தனிக் குழுவும் அதே ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. 1960 ஆம் ஆண்டு படிப்பு ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முனைவர் நிலைத் தொழிற்பட்டமான 'பார்ம்.டி.' மட்டுமே தொழிலில் நுழைவதற்கான அங்கீகரிக்கப்பட்ட பட்டம் ஆனது. இப்பட்டத்துக்கு முன்தகுதிப் படிப்பையும் சேர்த்துப் பொதுவாகக் குறைந்தது ஆறு ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

இம்மாற்றங்களோடு கல்லூரிகளின் எண்ணிக்கையும் விரைவாகப் பெருகியது. 2000 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 80 ஆக இருந்த மருந்தியல் கல்லூரிகள் 2020 அளவில் 140 ஐக் கடந்தன. புதிய கல்லூரிகளுக்கும் புதிய ஆசிரியர்களுக்கும், பிற இடங்களில் முன்பே முயன்று பார்க்கப்பட்ட கற்பித்தல் முறைகளைப் பற்றிய நம்பகமான பதிவுகள் தேவைப்பட்டன.

தொடக்கம்

இதழின் நிறுவன ஆசிரியர் ரூஃபஸ் லைமன் ஆவார். மருத்துவம் பயின்ற இவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மருந்தியல் கல்லூரியில் நீண்ட காலம் முதல்வராக இருந்தவர். 1937 முதல் 1955 வரை இவர் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். இதழில் வெளியாகும் சிறந்த கட்டுரைக்குச் சங்கம் வழங்கும் விருது இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

தொடக்க காலத்தில் இதழ் காலாண்டு வெளியீடாக இருந்தது. சங்கத்தின் மாநாட்டு உரைகள், பாடத்திட்டம் பற்றிய விவாதங்கள், கல்லூரிச் செய்திகள் ஆகியன அதில் பெரும்பங்கு வகித்தன. அளவீடுகளோடு கூடிய கல்வி ஆய்வுகள் படிப்படியாகவே இடம்பெறத் தொடங்கின. 1980 களிலும் 1990 களிலும் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கோகோலாஸ் ஆசிரியராக இருந்தார்.

செல்வாக்குப் பெற்ற கட்டுரைகள்

மருந்தாளுநர் தொழிலின் போக்கையே மாற்றிய சில கருத்துகள் இவ்விதழில்தான் முதலில் அச்சேறின. 1987 ஆம் ஆண்டில் சார்லஸ் ஹெப்லர் எழுதிய கட்டுரை மருந்தியல் கல்வியின் 'மூன்றாம் அலை' பற்றிப் பேசியது. மருந்து தயாரிப்பையும் அறிவியல் அடிப்படைகளையும் மையமாகக் கொண்டிருந்த கல்வி, நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவமனைசார் கல்வியாக மாறிவருவதை அது விளக்கியது.

1989 ஆம் ஆண்டில் ஹெப்லரும் லிண்டா ஸ்ட்ராண்டும் இணைந்து எழுதிய கட்டுரை 'மருந்தியற் பராமரிப்பு' என்னும் கருத்தை விளக்கியது. மருந்தை வழங்குவதோடு மருந்தாளுநரின் கடமை முடிவதில்லை. அம்மருந்தால் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தில் உறுதியான நற்பலன் கிடைப்பதற்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் சாரம். இக்கட்டுரை அடுத்த ஆண்டு மருத்துவமனை மருந்தியல் இதழ் ஒன்றிலும் வெளியானது. பல நாடுகளின் மருந்தியல் பாடத்திட்டங்களில் இக்கருத்து இன்று இடம்பெறுகிறது.

அச்சிலிருந்து இணையத்துக்கு

2000 களில் ஜோசப் டிப்பிரோ ஆசிரியராக இருந்தார். பரவலாகப் பயன்படும் மருந்துச் சிகிச்சைப் பாடநூல் ஒன்றின் பதிப்பாசிரியர்களுள் ஒருவராகவும் இவர் அறியப்படுகிறார். இவரது காலத்தில் இதழ் அச்சு வடிவத்திலிருந்து இணைய வடிவத்துக்கு நகர்ந்தது.

இந்நகர்வின் வெளிப்படையான அடையாளம் எண்ணிடும் முறையில் தெரிகிறது. அச்சு இதழில் ஒரு கட்டுரையைச் சுட்டுவதற்குத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தரப்படும். 2003 ஆம் ஆண்டின் 67 ஆவது தொகுதியில் பக்க எண்களுக்குப் பதிலாக ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி எண் தரப்பட்டது. முழு இதழும் தொகுக்கப்பட்டுப் பக்கங்கள் வரிசைப்படுத்தப்படும் வரை காத்திருக்காமலே ஒரு கட்டுரைக்கு நிலையான அடையாளம் கொடுக்க இம்முறை வழிசெய்கிறது. பின்னர் இதழ் இணையத்தில் மட்டும் வெளியாகும் நிலையை அடைந்தது.

இதே காலத்தில் ஆய்வு வெளியீட்டுத் துறையிலும் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000 ஆம் ஆண்டில் பப்மெட் சென்ட்ரல் காப்பகத்தைத் தொடங்கியது. 2002 ஆம் ஆண்டில் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுக்க அறிவிப்பு, ஆய்வுக் கட்டுரைகள் யாவரும் தடையின்றிப் படிக்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என வலியுறுத்தியது.

2006: எழுபதாவது தொகுதி

வெளியீடு

2006 ஆம் ஆண்டில் 70 ஆவது தொகுதி ஆறு இதழ்களாக, இரு மாதங்களுக்கு ஒன்று என வெளிவந்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் ஆகிய மாதங்களின் 15 ஆம் நாள் ஒவ்வோர் இதழின் வெளியீட்டு நாளாகக் குறிக்கப்பட்டது.

தேடலும் அணுக்கமும்

பப்மெட் என்பது மருத்துவ, உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தேட உதவும் தரவுத்தளம் ஆகும். பப்மெட் சென்ட்ரல் என்பது கட்டுரைகளின் முழு வடிவத்தைச் சேமித்து இலவசமாகத் தரும் காப்பகம் ஆகும். பெயர்கள் ஒத்திருப்பினும் இவ்விரண்டும் வேறு வேறு சேவைகள். ஒன்றில் இடம்பெறும் கட்டுரை மற்றொன்றிலும் இடம்பெறும் என்பதில்லை. 70 ஆவது தொகுதிக் கட்டுரைகள் இவ்விரண்டிலும் கிடைக்கின்றன.

ஒரு கல்வி ஆய்விதழுக்கு இதன் பொருள் பெரிது. மருத்துவத் துறையினர் ஒரு பொருளைப் பற்றி அறிய விரும்பும்போது முதலில் நாடுவது பப்மெட் தேடலையே. அதில் தோன்றாத ஆய்வு, எவ்வளவு தரமானதாக இருப்பினும், பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. ஒரு கல்லூரியில் தோல்வியுற்ற கற்பித்தல் முறையை அறியாமல் மற்றொரு கல்லூரி மீண்டும் முயலும். வெற்றிபெற்ற முறையோ அவ்வகுப்பறையோடு நின்றுவிடும். தேடலில் கிடைத்தும் படிக்கக் கட்டணம் கேட்கப்படும் கட்டுரையும், நூலக நிதி குறைந்த கல்லூரிகளுக்குக் கிடைக்காததற்குச் சமமே. 2006 ஆம் ஆண்டின் மாற்றம் இவ்விரு தடைகளையும் ஒருசேர நீக்கியது.

உள்ளடக்கம்

இத்தொகுதியில் வெளியான இரு கட்டுரைகள் அக்காலத்தின் அக்கறைகளைக் காட்டுகின்றன.

முதலாவது, மிசிசிப்பி பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதியது. தொடர்பாடல் திறன் பற்றிய பாடத்தில், மாணவர்கள் தாம் கற்ற கருத்துகளைத் தம் அன்றாட அனுபவத்தோடு இணைத்து எழுதுவதற்கு வலைப்பதிவுகளைப் பயன்படுத்தியதை இக்கட்டுரை விவரிக்கிறது. வலைப்பதிவு பொதுமக்களிடையே பரவிவந்த அதே காலத்தில் அது கற்பித்தல் கருவியாக முயன்று பார்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜூபின் ஆஸ்டின் முதலியோர் எழுதியது. செயல்முறைத் தேர்வுகளில் நோயாளியாக நடிப்பவர்களைப் பற்றியது இக்கட்டுரை. இத்தகைய தேர்வில் மாணவர் பல நிலையங்களுக்கு வரிசையாகச் செல்வார். ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த நேரத்துக்குள் ஒரு பணியை முடிக்க வேண்டும். நோயாளியாக இயல்பாக நடிப்பவருக்கும், எல்லா மாணவரிடமும் ஒரே விதமாக நடந்துகொள்ளும்படி பயிற்றுவிக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை இது விளக்குகிறது. தேர்வின் முடிவு ஒரு மாணவரின் தகுதியைத் தீர்மானிக்கும்போது, அனைவரும் ஒரே தேர்வையே எழுதினார்கள் என்பதற்கு இவ்வேறுபாடு அடிப்படையாகிறது.

அங்கீகார விதிகள்

மருந்தியல் கல்வி அங்கீகாரக் குழு தனது புதிய தர விதிகளை 2006 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் ஏற்றது. இவ்விதிகள் 2007 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. மாணவர் உண்மையில் என்ன கற்றார் என்பதைக் கல்லூரிகள் முறையாக மதிப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுப்பட்டுவந்த காலம் இது. மதிப்பீட்டு முறைகள் பற்றிய கட்டுரைகளுக்கு இதனால் நடைமுறைத் தேவை இருந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தினர் 2007 ஆம் ஆண்டில் இவ்விதழில் எழுதிய பாடத்திட்ட வரைபடம் பற்றிய கட்டுரை இவ்வகையில் அடங்கும். எந்தத் திறன் எந்தப் பாடத்தில் கற்பிக்கப்படுகிறது என்பதை ஆசிரியர், மாணவர் ஆகிய இரு தரப்பின் பார்வையிலும் அட்டவணைப்படுத்தி ஒப்பிடுவது இம்முறை ஆகும்.

ஆய்வுத் தரம்

இதழின் பார்வையாளர் வட்டம் விரிந்தபோது கட்டுரைகளின் தரம் பற்றிய வினாக்களும் எழுந்தன. கல்வி ஆய்வுகள் பல, கேள்விப் பட்டியல் அனுப்பிப் பதில் பெறும் முறையைச் சார்ந்தவை. அனுப்பப்பட்டோரில் சிலரே பதிலளித்தால், அப்பதில்கள் அனைவரின் கருத்தையும் காட்டுகின்றனவா என்ற ஐயம் எழும்.

இதனைப் பற்றி 2008 ஆம் ஆண்டில் ஜாக் ஃபின்சம் எழுதிய கட்டுரை இதழின் எதிர்பார்ப்பைத் தெளிவாக்கியது. பெரும்பாலான ஆய்வுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு மறுமொழி வீதம் இலக்காக இருக்க வேண்டும் எனவும், நாட்டின் எல்லா மருந்தியல் கல்லூரிகளையும் பிரதிபலிப்பதாகக் கூறும் ஆய்வுகளில் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் தேவை எனவும் அது குறிப்பிட்டது. அதே ஆண்டில் டிராகலிஸ் முதலியோர் இத்தகைய ஆய்வறிக்கைகளை எழுதுவோருக்கும் மதிப்பாய்வு செய்வோருக்கும் உரிய வழிகாட்டுதலை வெளியிட்டனர்.

இக்கட்டுரைகள் மருந்தியலுக்கு அப்பால் செவிலியம், மருத்துவம், சமூக அறிவியல் ஆகிய துறைகளிலும் மேற்கோள் காட்டப்படுகின்றன. தேடலில் அகப்பட்டு, இலவசமாகப் படிக்கவும் கிடைக்கும் கட்டுரை தன் துறையைத் தாண்டிச் செல்வதற்கு இவை எடுத்துக்காட்டாக அமைகின்றன.

அடுத்த ஆண்டுகளின் வளர்ச்சி

2008 வரை ஆண்டுக்கு ஆறாக இருந்த இதழ்களின் எண்ணிக்கை 2009 ஆம் ஆண்டில் எட்டாகவும் 2010 ஆம் ஆண்டில் பத்தாகவும் உயர்ந்தது. இக்காலத்தில் வெளியானவற்றுள் குறிப்பிடத்தக்க சில:

2009: நாம் ஏன் இன்னும் விரிவுரை ஆற்றுகிறோம் என்று வினவும் ஆசிரியவுரையை டிப்பிரோ எழுதினார். ஆசிரியர் பேச மாணவர் குறிப்பெடுக்கும் முறை முதன்மையான முறையாகத் தொடர்வதை அது கேள்விக்குள்ளாக்கியது.

2011: மாணவர் நேரடியாகப் பங்கேற்றுக் கற்கும் முறைகளுக்கான அறிமுகக் கையேடு போன்ற கட்டுரை ஒன்று வெளியானது.

2013: வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் 'தலைகீழ் வகுப்பறை' பற்றி எழுதினர். விரிவுரையை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு, வகுப்பு நேரத்தைக் கலந்துரையாடலுக்கும் பயிற்சிக்கும் செலவிடுவது இம்முறை. மாணவர்களின் ஈடுபாடு கூடியதாக அவ்வாய்வு தெரிவித்தது.

2013: சங்கத்தின் கல்வி விளைவுகள் ஆவணம் வெளியானது. அடிப்படை அறிவு, தொழிலுக்கும் பராமரிப்புக்கும் இன்றியமையாதவை, தொழிலையும் பராமரிப்பையும் அணுகும் முறை, தன் வளர்ச்சியும் தொழில்சார் வளர்ச்சியும் என நான்கு பிரிவுகளில் பட்டதாரியின் திறன்களை இது வகுத்தது.

டிப்பிரோவுக்குப் பின் கெயில் பிராசோ ஆசிரியரானார். 2020 ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்றால் வகுப்பறைகளும் மருத்துவமனைப் பயிற்சிகளும் முடங்கியபோது, அவ்வாண்டு ஜூன் இதழில் பெருந்தொற்றுக் காலக் கற்பித்தல் பற்றிய கட்டுரைகள் இடம்பெற்றன. அவ்வாண்டின் 84 ஆவது தொகுதி பன்னிரண்டு இதழ்களைக் கொண்டது.

இந்தியாவுடனான தொடர்பு

இந்தியாவில் பல்கலைக்கழக மருந்தியல் கல்வி 1932 ஆம் ஆண்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃபின் முயற்சியால் தொடங்கியது. அங்கு இளநிலை மருந்தியல் பட்டப்படிப்பு தொடங்கப்பட்ட 1937 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இவ்விதழும் தோன்றியது. இந்திய மருந்தியல் பட்டப்படிப்பு நெடுங்காலம் மருந்து உற்பத்தித் தொழிலை நோக்கியதாகவே இருந்தது. நோயாளி பராமரிப்பை மையமாகக் கொண்ட ஆறாண்டு பார்ம்.டி. படிப்பு 2008 ஆம் ஆண்டில் அறிமுகமானது. இதில் ஐந்தாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் அடங்கும்.

2010 ஆம் ஆண்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையைச் சேர்ந்த இருவர் இந்திய மருந்தியல் கல்வி பற்றிய விரிவான கட்டுரையை இவ்விதழில் வெளியிட்டனர். தமிழகக் கல்லூரி ஒன்றிலிருந்து எழுதப்பட்ட இக்கட்டுரை பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. எழுதுவோருக்கும் படிப்போருக்கும் இடையே உள்ள நாட்டு எல்லைகளைத் திறந்த அணுக்கம் குறைத்ததற்கு இது ஒரு சான்று.

இந்திய மருந்தியல் ஆசிரியர்கள் சங்கம் 1967 முதல் இதே பொருளில் தனி இதழ் ஒன்றை நடத்திவருகிறது.

விமர்சனங்கள்

இவ்விதழ் உள்ளிட்ட கல்வி ஆய்விதழ்கள் மீது பொதுவாகச் சில குறைகள் கூறப்படுகின்றன. ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் நடத்தப்பட்ட ஆய்வுகள் மிகுதி. அவற்றின் முடிவுகள் பிற இடங்களுக்குப் பொருந்துமா என்பது உறுதியன்று. மாணவருக்கு ஒரு முறை பிடித்திருந்தது என்பதும், அம்முறையால் அவர் கூடுதலாகக் கற்றார் என்பதும் வேறு வேறு. ஒப்பிடுவதற்குரிய மாணவர் குழு இல்லாத ஆய்வுகளில் இவ்வேறுபாட்டை அறிய இயலாது. கற்பித்தல் மாற்றம் பல ஆண்டுகளுக்குப் பின் நோயாளிகளுக்கு நன்மை தந்ததா என்பதை அளப்பது இன்னும் கடினம்.

எல்செவியருக்கு மாற்றம்

2023 ஆம் ஆண்டின் 87 ஆவது தொகுதியிலிருந்து சங்கத்தின் சார்பில் எல்செவியர் நிறுவனம் இதழை வெளியிடுகிறது. சந்தா வழியாகப் படிக்கும் முறையும், கட்டுரையாளர் தரப்பு கட்டணம் செலுத்திக் கட்டுரையை அனைவருக்கும் திறந்துவைக்கும் முறையும் கலந்த வெளியீட்டு முறை இப்போது பின்பற்றப்படுகிறது. ஆகவே 2006 ஆம் ஆண்டில் திறந்த கதவு புதிய கட்டுரைகள் அனைத்துக்கும் முன்போல் திறந்திருப்பதில்லை. 2006 முதல் பப்மெட் சென்ட்ரலில் சேர்ந்த பழைய தொகுதிகள் அங்கு தொடர்ந்து இலவசமாகக் கிடைக்கின்றன. நூலகச் சந்தா இல்லாத கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இத்தொகுதிகள் பயனுள்ள மூலங்களாக உள்ளன.

இவற்றையும் பார்க்க

மருந்தாளுநர்
திறந்த அணுக்கம்
சக மதிப்பாய்வு
பப்மெட்